ஓர் ஊசிக்கு எத்தனை கடிதம்

சிறுவர் இல்லப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பிள்ளைகளால் வரும் தலையிடி கொஞ்சம்தான். மிச்சம் முழுக்கப் பெரியவர்களால் வருவது. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கிய யாராவது இதை வாசித்தால், நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை என்பது விளங்கும்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லம் என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே பெரிய பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களுக்குக் கருத்தடை பற்றிச் சொல்லிக்கொடுப்பதும், தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைக்க வழி செய்வதும் என் கடமை என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் ஒருநாளும் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டார்.

கனடாக்காரர்

வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு மாதிரிகள் தேவைப்பட்டன. ஒஃபீசில் ஸ்டொக் முடிந்துவிட்டது என்றார்கள். சரி என்று வெள்ளவத்தையில் என் ஃபிளட்டுக்குப் பக்கத்து ஃபார்மசிக்குப் போய், மாத்திரை அட்டை இரண்டும் ஆணுறை ஒரு டசினும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் உள்ளே திரும்பி, “இந்த மிஸ்ஸுக்கு ஒரு டசின் எடுங்க” என்று குரல் கொடுத்தார். பிறகு அந்தப் பெட்டியைப் பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டி, கறுப்புச் சொப்பிங் பையில் போட்டு, ஏதோ களவுச் சாமான்போல மேசைக்குக் கீழால் நீட்டினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டு முடிந்த பிறகு இவ்வளவு இரகசியம்.

பின்னால் என் மேல்மாடிச் சிவகாமி அக்கா பிரஷர் குளிசை வாங்க நின்றார். எனக்கு நாற்பத்தேழு வயது. மனுசன் கனடாவுக்குப் போய் ஆறு வருஷம். வகுப்புக்கு என்று நான் விளங்கப்படுத்தத் தொடங்க, அவர் என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அவர் எப்ப வந்தவர், பிள்ளை? நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.”

துவாய் போட்ட படம்

வகுப்புக்கு இல்லத்து மேட்ரன் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். போர்டில் ‘தன்சுத்தம்’ என்று மட்டும் எழுத வேண்டும். எழுதினேன். உடம்பின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டதும் அவர் எழும்பி வந்து, படத்தின் கீழ்ப்பாதியில் ஒரு துவாயைப் போட்டுவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். முக்கால் மணித்தியாலம் அந்தத் துவாயைச் சுட்டிக்காட்டித்தான் படிப்பித்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்காமல் இருந்தவள் துர்கா. பதினேழு வயது. அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். தகப்பன் யார் என்பது கோர்ட்டில் நடக்கிற வழக்கு, அது இங்கே வேண்டாம். பதினெட்டு முடிய நாலு மாதம்தான் இருந்தது. அதற்குப் பிறகு இல்லத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஜிந்துப்பிட்டியில் சித்தி வீட்டில் போய் இருந்துகொண்டு தையல் படிக்கப் போகிறாள், மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் கிடைத்திருந்தது. வகுப்பு முடிய என்னிடம் வந்து, “மிஸ், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசி இருக்குன்னீங்களே, அது எனக்குக் கிடைக்குமா?” என்று கேட்டாள். நான் யோசிக்காமல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் போன பிறகு மேட்ரன் துவாயை மடித்து வைத்தார். பொல்லாத மனுசி இல்லை. துர்காவின் மகளை மடியில் வைத்து, வாயில் வடிந்த பாலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இதெல்லாம் சொல்லிக்குடுத்தா எங்கட பிள்ளையள் கெட்டுப்போயிடுங்கள், மிஸ்.”

கணவர் பெயர்

அடுத்த கிழமை துர்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் நல்ல பிள்ளை. குழந்தையைக் கொஞ்சினார், துர்காவை நிறுத்தார், பிரஷர் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு படிவத்தை எடுத்தார். கணவர் பெயர் என்று ஒரு கோடு. இல்லை என்றேன். கோட்டை வெறுமனே விட்டால் மேலே கேள்வி வரும் என்றார். அப்படியென்றால் பாதுகாவலரின் கடிதம் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

துர்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்களைப் பார்க்க நர்ஸுக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. குரலைத் தணித்து, உதவி செய்கிற எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். பதினேழு வயதில் கலியாணத்தைப் பதிந்து எழுத்து எழுத ஏலாது என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. “ஆரையாவது எழுதிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ மிஸ், பிறகு இது அஞ்சு நிமிச வேலை.”

தொட்டில்

துர்காவுக்குப் பாதுகாவலர் யார்? இந்தக் கேள்வியோடு ஒன்றரை மாதம் அலைந்தேன். நன்னடத்தை உத்தியோகத்தர், பிள்ளை இல்லத்தில் இருக்கிறபடியால் இல்லம்தான் என்றார். இல்லத்தில், கோர்ட் அனுப்பின பிள்ளை, ஆனபடியால் கோர்ட்தான் என்றார்கள். கோர்ட்டில் ஒரு கிளார்க், இது வைத்திய விஷயம், டொக்டரிடம் கேளுங்கள் என்றார். கிளினிக் டொக்டர் பாதுகாவலர் கடிதம் கேட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளையைச் சாப்பிட வைக்க, பள்ளிக்கூடம் அனுப்ப, அடிக்கடி ஏச எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு தாளில் பெயர் போட மட்டும் ஒருவரும் இல்லை.

கடைசியாக இல்லத்து நிர்வாகசபைத் தலைவரிடம் போனேன். வெள்ளவத்தையில் இருக்கிறார், ஓய்வுபெற்ற எஞ்சினியர், தன்மையான மனுசர். தேத்தண்ணி தந்தார். என் கடிதத்தை மூன்று முறை வாசித்தார்.

“இதில நான் சைன் வைச்சா, இல்லத்தைப் பற்றி ஆக்கள் என்ன கதைப்பினம், பிள்ளை?”

“அவளுக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கு, ஐயா.”

“ஓம், அது நடந்து போச்சு. அதுக்கு ஆரும் என்னைக் குறை சொல்லேலாது.”

இரண்டாவதும் நடந்தால் துர்காவின் தையலும் போய்விடும், மகளின் இடமும் போய்விடும் என்றேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: “குழந்தைக்குத் தொட்டில் ஒண்டு நாளைக்கே வாங்கி அனுப்பிறன், கடிதம் மட்டும் கேட்காதையும்.”

முதல் ஆள்

தொட்டில் வந்தது. நல்ல தொட்டில். அதில் படுத்த குழந்தைக்குப் பத்தாம் நாள் இருமல் பிடித்து, பொரளையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டொக்டர், சிங்களவர், குழந்தையைப் பார்த்து முடிய, தாயின் வயதைக் கேட்டார். நான் விட்டால் பிறகு சந்தர்ப்பம் வராது என்று ஃபைல் முழுவதையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு கடிதமாகப் புரட்டினார். மூடி, ஒரு பக்கத்தில் தள்ளி வைத்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, துர்காவின் விருப்பம் என்ன என்று கேட்டு மொழிபெயர்க்கும்படி என்னையே திரும்பக் கூப்பிட்டார்.

துர்காவுக்குச் சிங்களம் நல்லாகத் தெரியும் என்றேன். ஊசி எப்படி வேலை செய்யும், என்ன பக்கவிளைவு வரலாம், எப்போது வேண்டாமென்றாலும் விடலாம் என்று டொக்டர் அவளுக்கு நேராகவே சொன்னார். பிறகு திரும்பவும், உங்களுக்கு இது வேண்டுமா என்று கேட்டார். துர்கா ஓமென்று தலையாட்டினாள். ஊசி போட்டு, அடுத்த திகதி எழுதிய அட்டையும் கையில் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அந்த அட்டையை மடித்து வைத்துக்கொண்டு அவள் என்னிடம் தமிழில் சொன்னாள்: “போன தரம் யாரும் என்கிட்ட விருப்பமான்னு கேக்கல, இவங்கதான் மொத ஆள்.”

மேட்ரனின் கேள்வி

துர்கா இப்போது ஜிந்துப்பிட்டியில் இருக்கிறாள். தையல் வகுப்புக்குப் போகிறாள். அட்டையில் எழுதிய திகதிக்குத் தானே பஸ் ஏறிப் போய் வருகிறாள்.

அவள் போன பிறகு ஒரு நாள் மேட்ரன் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, “வாற வருஷம் இன்னும் மூண்டு பேர் வெளிக்கிடுதுகள், மிஸ். அந்த டொக்டரிட்ட ஒருக்காக் கதைச்சு விடுவீங்களோ?” என்று கேட்டார். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவருக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே பதில் சொன்னவர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்த டொக்டருக்கு மாற்றல் வந்திட்டு மிஸ், நீங்க கார்டியன் லெட்டரோட வாங்க, பாப்பம்.”

ஒரு பிள்ளை தாயாவதற்கு இந்தக் கொழும்பில் யாருடைய கையெழுத்தும் தேவைப்படுவதில்லை, தாயாகாமல் இருப்பதற்குத்தான் எல்லாருடையதும் வேண்டியிருக்கிறது.