சிவப்பு நூல் கட்டிய சட்டி

எந்தச் சட்டியையும் அடுப்பில் வைக்கும் முன் வீரம்மா அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த சட்டியானாலும் அப்படித்தான். ஆறு வருஷமாக இதைப் பார்த்துவரும் மகள் லோஜினி, பல்கலைக்கழக விடுமுறையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சட்டிக்கு முத்தம் குடுத்தாச்சா?" என்று கேலி செய்வாள். வீரம்மாவுக்குச் சிரிப்பு வராது.

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டிய காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. கொழுந்தெடுக்கும் சம்பளம் போதாமல், அங்கே தங்கியிருந்த சீனத் தொழிலாளரின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவர்களில் பான் என்பவன் மட்டும் தனி. "நான் ஷுய்" என்பான். சீனாவின் தென்மேற்கு மலைகளில் வாழும் சிறிய இனமாம். தனிப் பேச்சு, தனி எழுத்து. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருசிலர்தான் நல்லது கெட்டதுக்கு நாள் குறிப்பார்களாம்.

ஒருநாள் பானின் தாய் இறந்த செய்தி வந்தது. ஒப்பந்தம் முடியாமல் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. வீரம்மா அவனுக்கென்று பருப்பும் போஞ்சிக்காயும் சமைத்து வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துவிட்டு, மொழி மாற்றிச் சொல்லும் போனில் ஏதோ பேசினான். போன் தமிழில் சொன்னது: "இறைச்சி வேண்டாம். தயவுசெய்து மீன்."

"செய்தி வாசிக்கிறவ மாதிரியில்ல பேசுது! ஏன் தம்பி, எழவு வீட்டுல மீனா? எங்க ஆளுங்க கேட்டா அடிக்க வருவாங்க."

போன் விளக்கியது. தாயை அடக்கம் செய்யும்வரை பிள்ளைகள் இறைச்சியையோ அதன் கொழுப்பையோ வாயில் வைக்கக்கூடாது. மீன் அவர்களுக்கு இறைச்சியில் சேராது. துக்கத்துக்கே அதுதான் உரிய சாப்பாடு. ஏடு பார்த்துக் குறித்த அடக்க நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"தவறிப்போய் பட்டுட்டா?"

பான் சுரங்கத்தின் மேலிருந்த மலையை அண்ணாந்து பார்த்தான்.

அன்றே வீரம்மா ஒரு சட்டியின் காதில் சிவப்பு நூல் கட்டினாள். அது பானுக்கு மட்டும்.

ஒன்பதாம் நாள் காலை மழையிருட்டு, கரண்டும் இல்லை. பான் மீனும் கீரையும் சாப்பிட்டுச் சுரங்கத்துக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சட்டி கழுவ உட்கார்ந்தவள், நூல் கட்டிய சட்டி கொக்கியிலேயே தொங்குவதைக் கண்டாள். இருட்டில் பானுக்குச் சமைத்த, கையிலிருந்த சட்டியின் விளிம்பில், குளிருக்கு உறைந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது கொழுப்பு. மோந்தாள். பன்றி.

ஓடிப்போய்ச் சொல்வதா? எப்படி? உன் அம்மா இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறாள், நான் உன் வாயில் பன்றிக் கொழுப்பை வைத்துவிட்டேன் என்றா?

பதினொரு மணிக்குப் பாறை வெடிக்குமுன் ஊதும் சங்கு ஊதியது. தினமும் போல வெடியதிர்ச்சியில் தட்டுகள் கலகலத்தன. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வந்தார்கள். பான் வரவில்லை. சுரங்க வாசலுக்கு ஓடினாள். காவல்காரர் விஜேந்திரன் கையை நீட்டி மறித்தார்.

"உள்ள தண்ணி ஒடைச்சுக்கிட்டு வருதாம். மூணு பேரு இன்னும் வரல. நீங்க இங்க நிக்காதீங்க அக்கா."

பாதையோரத்து மாரியம்மன் கோயில் முன்னால் போய் விழுந்தாள். "ஆத்தா, அந்தப் புள்ள உசுரோட வந்துரட்டும். நான் செஞ்சத அவன்கிட்டயே சொல்லிர்றேன். இது என் நேத்திக்கடன்."

மூன்று மணிக்கு மூவரும் சேறாய் வெளியே வந்தார்கள். பான் நேரே குசினிக்கு வந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு நூல் கட்டிய சட்டியைத் தொட்டுக்காட்டிப் போனில் பேசினான்.

"நான் விரதம் தவறவில்லை. ஆகவே அம்மா என்னைக் கைவிடவில்லை. உங்களுக்கு நன்றி, அக்கா."

வீரம்மா வாயைத் திறந்தாள்.

"சோறு போடவா தம்பி?" என்பதுதான் வந்தது.

அடக்கம் நடந்தது, அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து பானும் ஊர் திரும்பினான். அவள் பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை. சொன்னால் அவனுடைய தாயை அவனிடமிருந்து இரண்டாம் தரம் பறித்ததாகிவிடும். சொல்லாவிட்டால் ஆத்தா சும்மா விடமாட்டாள். லயத்துக்குப் பின்னால் ஒரு கூடை மண் சரிந்தாலும் அது தனக்குத்தான் என்று நினைக்கிறாள்.

"நம்பர் இருக்குதானேம்மா? சொல்லுங்க, நான் சீனத்துல மாத்தி அனுப்புறேன்" என்பாள், நடந்ததெல்லாம் தெரிந்த லோஜினி.

"இந்த மழ விடட்டும்."

கோயில் வந்தால் வீரம்மா பாதையின் மறுபக்கமாகவே நடக்கிறாள். நேர்த்திக்கடன் இன்னும் அப்படியே கிடக்கிறது.