இரண்டாவது வெடி

காலை 9.40. கூடாரத்தின் ஸிப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஓடைக்கரைப் பள்ளத்தில் கிடந்த செத்த குருவி. காயம் இல்லை. கண் திறந்திருந்தது.

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் உள்ள எரிமலைக் காடு அது. மண்ணுக்கடியிலிருந்து இன்றும் காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு கசிகிறது. காற்றில்லாத காலைகளில் அது பள்ளங்களில் தண்ணீர்போல் தேங்கி நிற்கும். பிள்ளைகளையும் நாய்களையும் அங்கே இறங்க விடவேண்டாம் என்று ஒரு பலகை இருந்தது. முந்தின மாலை அதை வாசித்த அண்ணை, "நாங்கள் ரெண்டுமில்லை, கூடாரத்தை அடி" என்றார்.

அண்ணை என் கூடப்பிறந்தவரல்ல. அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் அழைக்கிறேன். வுப்பர்டாலில் பஸ் ஓட்டுபவர். புத்தாண்டன்று யாரோ பக்கத்தில் பட்டாசு எறிய, பயணிகளோடு பஸ்ஸை நடுவீதியில் நிறுத்திவிட்டுச் சீட்டுக்கடியில் புகுந்துவிட்டார். ஏழு மாதம் வீட்டில் இருந்தார். போன வாரம்தான் வைத்தியர், ஓட்டலாம் என்று கையெழுத்திட்டிருந்தார். திங்கட்கிழமை வேலை. அதற்கு முன் ஆறுகளையும் எரிமலை ஏரிகளையும் பார்த்துவரக் காரில் புறப்பட்டோம். அது மூன்றாம் நாள்.

"தேத்தண்ணி வைக்கவோ?" என்று கேட்டேன்.

"வை. நேற்றையான் மாதிரிப் பாத்திரம் கழுவின தண்ணி வேண்டாம்."

தண்ணீர் கொதித்த நேரம், மலைக்கப்பால் கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைத்தார்கள். நிலம் உதறியது. கேத்தல் கவிழ்ந்து என் பாதத்தில் கொதிநீர் கொட்டியது. நான் கார்ச் சில்லோடு ஒட்டிக் கிடந்தேன். அண்ணை பள்ளத்துக்குள் பாய்ந்து குப்புற விழுந்தார்.

முதல் ஷெல்லுக்குப் பிறகு எழும்பக்கூடாது, அடுத்தது விழும்வரை கிடக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் இருவரும் பழகியது அது. நான் கிடந்தேன். அவரும் அதற்காகத்தான் கிடக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டாவது வெடிக்கவில்லை.

"அண்ணை, எழும்புங்கோ. கல்லுக்கு வைச்ச வெடி."

அவர் அசையவில்லை.

பள்ளத்தில் குனிந்ததும் சோடா மூக்கில் ஏறியதுபோல் எரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காலைப் பிடித்து இழுத்தேன். முகம் கரடுமுரடான கல்லில் உரசி வலது கன்னம் கிழிந்தது. மூச்சு வாங்க மேலே ஏறி, மறுபடி இறங்கி இழுத்தேன். கரையில் புரட்டியபோது உதடு நீலமாக இருந்தது. அறைந்தேன். நெஞ்சில் குத்தினேன். கிழிந்த கன்னத்திலேயே மறுபடி அறைந்தேன், கையெல்லாம் இரத்தம். அவர் ஒரு தரம் இழுத்து மூச்சு வாங்கினார். கண் திறக்கும் முன்பே என் வாயில் குத்தினார். ஒரு பல் புல்லில் விழுந்தது.

"அடிக்காதையடா, விசரா. ரெண்டாவது விழுந்திட்டுதோ?"

"இல்லை, அண்ணை."

அம்புலன்ஸில் வந்த பெண் வைத்தியர் அவருக்கு ஒட்சிசன் பொருத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, பலகை இருக்கும்போது அங்கே ஏன் இறங்கினார் என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். அண்ணை முகமூடியை விலக்கிவிட்டு என் சேர்ட்டைப் பிடித்தார்.

"வழுக்கினது எண்டு சொல்லு. மற்றதைச் சொன்னால் ஸ்டியரிங் தரமாட்டாங்கள்."

வழுக்கிவிட்டது என்று சொன்னேன். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை 4.50க்கு அவர் முதல் பஸ்ஸை எடுத்தார்.