எத்தனை தலையணை?

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஐந்து நிமிஷம் இருந்தால் போதும், எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். எண்பதுகளின் நடுவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவைப் பினாங்குக்கு அழைத்துப் போன நாட்களில் அந்த நடைவழியை எத்தனை தடவை அளந்திருப்பேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்து, நோயாளி நீங்களா அவரா என்றே கேட்டுவிட்டார்.

அக்கா மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டுகிறவள். மார்பில் கட்டி வந்து, இடது பக்கத்தை எடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் ஆறு ஊசி என்றார்கள். நான் சுங்கைப் பட்டாணியில் ஃபேக்டரி வேலை பார்த்தேன். எனக்கு மலாய் சரளமாக வரும், ஆங்கிலமும் அரைகுறையாகத் தெரியும். அதனால் துணைக்குப் போவதும் டாக்டரிடம் பேசுவதும் என் பொறுப்பானது. ஊசிக்கு முதல் நாளே அக்கா தோட்டத்திலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். மறுநாள் காலை முதல் பஸ், பிறகு ஃபெர்ரி.

மருந்து சிரப் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருக்கும். அது நோயையும் அடிக்கும், சிலருக்கு இதயத்தையும் தொடும் என்று முதல் நாளே டாக்டர் சொன்னார். அவர் சீனப் பெண்மணி, மலாயில் நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் எடை பார்ப்பார்கள், நாடி பிடிப்பார்கள், காலை அமுக்கிப் பார்ப்பார்கள், இ.சி.ஜி. எடுப்பார்கள். இ.சி.ஜி.யின் ரப்பர் குமிழ்கள் அக்காவின் இடது பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. தையல் போட்ட தோலும் எலும்பும்தானே அங்கே இருந்தன. ஒவ்வொன்றாகக் கழன்று விழ விழ அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வரும்.

இரண்டாவது ஊசிக்குப் போனபோதுதான் அந்தக் கூத்து நடந்தது. தூங்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார் என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துச் சனம் என்றால் எல்லாருக்கும் இளக்காரம். கக்கூஸ் இருக்கிறதா, பிள்ளைகள் செருப்புப் போடுகிறார்களா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இப்போது தலையணையையும் எண்ண வந்துவிட்டார்களா? நாலு தலையணை என்று விறைப்பாகச் சொன்னேன். அக்கா வீட்டில் இருந்ததே மொத்தம் இரண்டுதான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு ஊசி கிடையாது என்றார். எக்ஸ்ரே, மறுபடி இ.சி.ஜி., அடுத்த வாரம் வேறொரு பெரிய டாக்டர் என்று எங்களை அலைய விட்டார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு நாலு தலையணை எதற்கு என்று அவர் கேட்டபோது, வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், தட்டையாகப் படுக்க முடியாது, தலையை உயர்த்தி உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்று விளக்கினார். கருவிகளில் தெரிவதற்கு முன்பே நோயாளிக்குத் தெரிந்துவிடும், ஒளிக்காமல் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பும்போது ஃபெர்ரியில் அதை அப்படியே அக்காவுக்குச் சொல்லிக் காட்டினேன். டாக்டர் பேனாவை வைத்த விதத்தை நடித்தும் காட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்தப் பதிலுக்கு ஊசி நிற்கும், எந்தப் பதிலுக்கு ஊசி கிடைக்கும் என்று நானே உட்கார்ந்து பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் கேட்க வாயெடுக்கும் முன்பே அக்கா ஒரு விரலை நீட்டி, "சத்து" என்பாள். மலாயில் ஒன்று. டாக்டரும் சிரிப்பார். மூன்றாவது ஊசி, நாலாவது ஊசி என்று ஓடியது. முடியெல்லாம் கொட்டிப்போனது. ஆனாலும் அக்கா வீம்பாக இருந்தாள். அவள் லயத்து வீட்டு வரிசையிலேயே ஒரு பெண் பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். ஆறும் போட்டால்தான் உயிர், ஒன்று குறைந்தாலும் இல்லை என்பது அக்காவின் கணக்கு. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஐந்தாவது ஊசிக்கு முதல் நாள் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தாள். விடிகாலையில் தேத்தண்ணி போட எழுந்து போனால், அடுப்படி மேசையில் தலையணையை வைத்து அதில் தலை சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த பாய் சுருட்டியது சுருட்டியபடி மூலையில் நின்றது. அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் எது என்றே தெரியவில்லை, அப்படி வீங்கியிருந்தது.

எத்தனை நாளாக என்று உலுக்கிக் கேட்டேன். முதலில் சீக்கிரம் முழிப்பு வந்துவிட்டது என்று மழுப்பினாள். பிறகு மெல்லச் சொன்னாள். பத்து நாளாகப் படுக்க முடியவில்லையாம். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். வீட்டில் அவள் புருஷன், எங்கள் மாமாதான் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து அவளைச் சாய்த்துத் தூங்க வைத்திருக்கிறார். பிறகு அந்த மனுஷன் ஐந்து மணிக்கு மரம் வெட்டப் போயிருக்கிறார். வெளியே சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

"இன்னும் ரெண்டே ஊசிதான்டி. போட்டு முடிச்சிட்டு நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறந்தீன்னா நிப்பாட்டிருவாங்க. எனக்குத் திரும்ப வந்துச்சுன்னா எம் புள்ளைங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்."

ஃபெர்ரியில் நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சொன்னால் நோய் தின்னும், சொல்லாவிட்டால் மருந்து தின்னும். என்ன பிழைப்பு இது என்று வந்தது. அவளைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மாமாவையும் விடவில்லை. எல்லாம் மனசுக்குள்தான்.

அன்று டாக்டருக்கு ஒரே கூட்டம், எடை பார்க்கவும் காலை அமுக்கிப் பார்க்கவும் யாருக்கும் நேரமில்லை. கண்ணைப் பேப்பரில் வைத்துக்கொண்டே கேட்டார். அக்கா விரலை நீட்டி, "சத்து" என்றாள். பாவாடையை இழுத்துக் காலை மூடியிருந்தாள். டாக்டர் எழுதப் போனார். நான் வாய் திறந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"பொய் டாக்டர். உக்காந்துதான் தூங்குறாங்க. காலைப் பாருங்க."

டாக்டர் குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சிலருக்கு இவ்வளவு சீக்கிரமே இப்படி ஆகும் என்றார். அந்தச் சிவப்பு மருந்து இனி ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று சொல்லி, அப்போதே வார்டில் சேர்த்தார். அக்கா என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீர் இறங்க மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் தட்டையாகப் படுத்துத் தூங்கினாள். மாமா வந்தார், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரும் தூங்கிவிட்டார். அக்கா கண் விழித்ததும், கோபமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஒரு வருஷம் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

விட்ட ஊசிகளை அவளுக்குப் போடவே இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை கட்டி வந்திருக்கிறதா என்று பார்க்க வரச் சொன்னார்கள். அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் நான் லீவு போட்டுக் கூடவே போனேன். அன்றைக்கெல்லாம் காலையிலிருந்து எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. உள்ளே டாக்டர் தேடுவது என் வாயால் வந்த வினையைத்தான் என்று தோன்றும். இரண்டாம் தடவை அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார். அவள் அவரைத் தாண்டி, நடைவழிக் கோடியில் நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

"ஒண்ணுமில்லையாம்டி. நீ போய்ப் பசியாறு."