தோற்றவர்களுக்குக் கீசோ எழுதிய இரங்கல்

கொரோக்கா சந்தையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கீசோவைப்போல மரியாதையாக எழுதுகிறவன் ரக்பி ரசிகர்களின் ஃபேஸ்புக் குழுவில் கிடையாது. மற்றவர்கள் வசைபாடும்போது அவன் "அண்ணன்மாரே" என்று தொடங்கி, முற்றுப்புள்ளி தவறாமல் முடிப்பான். அவனுடைய அக்கா ஓரோமே அதைப் பக்கத்துக் கடைக்காரிகளுக்கு வாசித்துக் காட்டுவாள்.

அன்று அவனுடைய நீல அணி ஜெயித்தது. தோற்றவர்கள்மேல் இரக்கப்பட்டு, சாவு வீட்டுக்கு அவ்வூரார் சொல்வதுபோல எழுதினான்: "அண்ணன்மாரே, உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன். வாழைத்தாரும் கோழியும் கொண்டு வருகிறேன்."

ஜெயித்தவர்கள் பொய்ச் சவப்பெட்டி தூக்கித் தோற்றவர்களைக் கேலி செய்வது அங்கே வருஷா வருஷம் நடப்பதுதான். தான் எழுதியதும் அப்படிக் கேலியாகப் படும் என்று அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் தோற்ற அணியின் ரசிகர்களான சிவப்பு ஜெர்சிக்காரர்கள் ஆறு பேர் வெட்டுக்கத்தியோடு வந்து, காற்றடிக்கும் இயந்திரத்தை நொறுக்கினார்கள்.

"யாருடா செத்தது? எங்களுக்கா எழவு கொட்டுற?" என்று கத்தினான் அவர்களில் மூத்தவனான சாமுக்.

"டேய், அவன் நெசமாத்தான்டா எழுதினான்!" ஓரோமே குறுக்கே பாய்வதற்குள் சாமுக்கின் கத்தி இறங்கிவிட்டது. கீசோவின் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது.

அவன் ஓடவில்லை. மற்ற கையால் சாமுக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணே, ஆட்டம் முடிஞ்சதும் டிவி முன்னாடி நீங்க தலையில கைவச்சு உக்காந்திருந்தீங்க. மனசு கேக்கல."

சாமுக் அந்த முகத்தையே பார்த்தான். "இன்னொண்ணு போடு!" என்று கத்திய தன் தம்பியின் வயிற்றில் எட்டி உதைத்தான். தன் ஜெர்சியைக் கழற்றிக் கீசோவின் கையில் சுற்றினான்.

ஓரோமே சாமுக்கின் பிடரியில் ஓங்கி அறைந்தாள்.

"இறுக்கிக் கட்டுடா, நாயே!"

அவன் இறுக்கிக் கட்டினான்.