பத்துக்கு நாலு

ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் இருக்கையையே மேசையாக்கி, நுஸ்ரா டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். குருக்கள்மடத்துக் கரையை விட்டு, ‘பாதை’ என்று இங்கே சொல்லும் இஞ்சின் மிதவை இப்போதுதான் விலகியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள், ஏழெட்டு ஆசிரியர்கள், உர மூடைகள், கயிற்றில் கட்டிய இரண்டு ஆடுகள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்த இரும்புத் தட்டு வாவியைக் கடக்கிறது. டீச்சர் குனிந்து திருத்துவது மாணவர் விடைத்தாள் அல்ல. கொழும்பிலுள்ள ஒரு பொருளியலாளர் முந்திய நாள் பேஸ்புக்கில் எழுதியதை அச்செடுத்து வந்திருக்கிறார்.

“எடுகோள் எங்க இரிக்கி?” என்று தாளைப் பார்த்துக் கேட்கிறார். ஓரத்தில் ஒரு கோடு. “வரைபடமும் கீறல்ல. ரெண்டு புள்ளி போச்சு.”

அக்கரை வருவதற்குள் நாலைந்து தாள்கள் முடிந்துவிடும். பத்துக்கு ஏழு புள்ளிக்கு மேல் அவரிடம் எவரும் எடுத்ததில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற பலர் அவருடைய பையில் சித்தியடையாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

வீடு காத்தான்குடியில். கணவர் அக்ரமுக்குப் புடவைக்கடை; கடையின் பழைய விலைப்பட்டியல்களின் பின்பக்கத்தில்தான் பதிவுகள் அச்சாகின்றன. ஒரு பக்கம் பணவீக்கம், புரட்டினால் சாரி, சாரம் விலைகள். அக்கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்றில் உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கப் பதினொரு வருடமாக டீச்சர் இந்த வாவியைக் கடக்கிறார். மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனும் கையுமாக இருப்பார். எழுதுவது தமிழில்; ஆங்கிலத்தில் நடக்கும் சண்டைகளையும் இழுத்து வந்து தமிழில்தான் பதில் சொல்வார்.

‘ஏனையவை மாறாதிருக்க’ என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கையில் மற்றதெல்லாம் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்ளும் பாடப்புத்தக எடுகோள். மீன் வாங்கும்போதும் வரும். பாதை ஓட்டும் நிலோஜன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“ஏனையவை மாறாதிருந்தா ஏழரைக்குப் போய்ச் சேருவம் டீச்சர். ஆனா இஞ்சினுக்கு இண்டைக்குக் குணம் மாறிட்டு.”

மூன்று வாரமாக டீச்சருக்கும் லக்ஷனுக்கும் பேஸ்புக்கில் சண்டை. லக்ஷன் கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர். நெல்லுக்கு அரசாங்கம் அறிவிக்கும் உத்தரவாத விலை வெறும் காகித விலை, அதை எடுத்துவிட்டுச் சந்தையின் பாட்டுக்கு விடவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த விலையும் இல்லாவிட்டால் அறுவடை மாதத்தில் விவசாயி படுத்துவிடுவான் என்பது டீச்சர் கட்சி. எங்கள் மாவட்டத்து விவசாயிக்கு இந்த விலை கிடைக்கிறது, இவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர் எழுதிய பதிவை ஆயிரம் பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரலை விவாதம் ஒன்றுக்கு, லக்ஷனுக்கு எதிர்ப்பக்கத்தில் பேச, அழைப்பு வந்தது. பேராசிரியர்கள் அமரும் இடத்தில் ஒரு பாடசாலை டீச்சர். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாதையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் ஆடுகளைத் தாண்டி அவரிடம் வந்தார். பெயர் புஸ்பம். நாலு ஏக்கர் வேளாண்மை செய்கிறவர்.

“கோவிக்காதீங்க டீச்சர். என்ட மகள் பிரஷாந்தி உங்கட வகுப்பிலதான் படிக்கிறாள். நீங்க எழுதினத்த வாசிச்சுக் காட்டினாள்.”

“ஆ, சொல்லுங்க அக்கா.”

“அந்த வில ஆருக்குக் கிடைச்ச?”

“அரசாங்கம் அறிவிச்ச விலதானே.”

“அது காஞ்ச நெல்லுக்கு. நாங்க மழைக்குள்ள வெட்டுறம். மெசின் கொட்டுறது ஈர நெல்லு. வட்டைக்கே, வயலுக்குள்ளயே லொறி வரும். அவன் சொல்றதுதான் வில. மறுகா, ஈரத்துக்கெண்டு மூடைக்கு மூணு கிலோ கழிப்பான்.”

“காய வெச்சுக் குடுத்தா?”

“எங்க காய வெக்கிற? றோட்டிலதானே! நீங்களும் அதால ஹோன் அடிச்சிட்டுத்தானே போறிங்க.”

சிரிப்பு எழுந்தது. இஞ்சின் பக்கமிருந்து நிலோஜன் குரல் கொடுத்தான்: “டீச்சர், எடுகோள் எங்க இரிக்கி?”

இன்னும் பெரிய சிரிப்பு. புஸ்பம் மட்டும் சிரிக்கவில்லை. தன் பையின் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு நெல்மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் காட்டினார். “காஞ்சதெண்டா டிக்கெண்டு உடையும். ஈரமெண்டா நசியும். இவ்வளவுதான்.”

டீச்சர் அன்று மீதித் தாள்களைத் தொடவில்லை. அக்கரையில் வருடாவருடம் மாசியில் காயப்போட்ட நெல்லால் தெருவின் பாதி மஞ்சளாகிவிடும். பதினொரு வருடமாக அதைச் சுற்றித்தான் அவர் ஸ்கூட்டரை ஓட்டியிருக்கிறார்.

மறுநாள் இருக்கையின்மேல் விரிந்திருந்தது அவருடைய சொந்தப் பதிவு. வழக்கத்தைவிட மெதுவாகத் திருத்தினார். ஓரத்தில் எழுதினார்: ‘நெல் காய்ந்தது என்று எடுகோள் கொள்ளப்பட்டுள்ளது. குறிப்பிடப்படவில்லை.’ மேலே, வட்டத்துக்குள், நாலு. பிறகு அதைப் படம் எடுத்தார்.

உடன் படிப்பிக்கும் நஸ்ஹா டீச்சர் கையைப் பிடித்தார். “ஞாயிறு முடியட்டும் ராத்தா. லக்ஷன் இதையே புடிச்சு உங்கள உரிச்சிருவாரு.”

“பிள்ளையள்ட பயிற்சித் தாளத் திருத்தி, பெரிய சோதின முடிஞ்ச பொறகா நஸ்ஹா குடுக்கிற?”

வாவியின் நடுவில் சிக்னல் குறைவு. படம் ஏற நேரமெடுத்தது. அவர் போனை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார்.

கரை சேர்வதற்குள் படத்தின் கீழ் லக்ஷனின் பதில் வந்துவிட்டது. ‘நன்றி டீச்சர். மூன்று வாரமாக நான் சொல்வது இதைத்தான்.’ கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. ‘ஞாயிறு வராமல் விட்டாலும் விளங்கிக்கொள்வோம்’ என்று ஒருவர்.

வியாழக்கிழமை லக்ஷனின் அந்த ஒரு வரியும் அச்சாகி வந்திருந்தது. டீச்சர் அதன்கீழ் எழுதினார்: ‘விலையை எடுத்துவிட்டால் நெல் காயுமா?’ புள்ளி போடவில்லை. வட்டத்தை மட்டும் கீறி வெறுமையாக விட்டார்.

“ஞாயிறு போறிங்கதானே?” என்று கேட்டான் நிலோஜன். இந்தத் தடவை அவன் குரலில் பகிடி இல்லை.

“போறன்.”

வெள்ளிக்கிழமை காலை வெயில் எறித்திருந்தது. அக்கரையில் இறங்கி வளைவு தாண்டியதும் தெருவின் பாதியில் நெல் பரவிக் கிடந்தது. முன்னால் போன டீச்சர் வழக்கம்போல விலகவில்லை. இஞ்சினை நிறுத்தினார். இறங்கிக் குந்தி, ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்தார். பின்னால் தேங்கிய மோட்டார் சைக்கிள்கள் ஹோன் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டி, இன்னொரு மணியை எடுத்தார்.