பார்த்தவர்களின் முகங்கள்

தெல்மா ஊரை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்த நேரத்தில்தான் படகும் கிளம்பியது. லோர்னா தேவாலய வாசலில் நின்று பார்த்தாள். கை அசைக்கவில்லை. துக்கம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வீட்டுக்குப் போய் மீனின் செதிலைச் சுரண்டினாள்.

லோர்னாவின் மகனுக்குத் தெல்மா ஞானத்தாய். அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸின் சமார் கடற்கரையில் அது உடன்பிறப்புக்கும் ஒரு படி மேல்.

அவள் போவதற்கு முன்பு அடித்த புயலுக்குப் பிறகு, நிவாரண அரிசி வைத்திருந்த விளையாட்டுக் கூடத்தின் கூரை ஒழுகியது. நனையாமல் இருக்கட்டும் என்று மூட்டைகளைத் தன் ரொட்டிக்கடைக்கு மாற்றினாள் தெல்மா. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை லோர்னா. மறுநாள் யாரோ ஜன்னல் வழியாகப் படம் எடுத்து ஊரின் செல்போன் குழுவில் போட்டார்கள்: ‘நாம பட்டினி, இவ வீட்டுல அரிசி.’

கோபமுகங்கள் குவிந்தன. புயலைத் திட்டினால் அதற்குக் காது ஏது? தெல்மாவுக்கு இருந்தது.

செய்தியைப் பார்த்தவர்களின் முகப்படம் சின்ன வட்டமாக அதன் கீழே வந்து உட்காரும். யார் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று கவனிப்பது ஊர்ப் பழக்கம்.

“என்ன லோர்னா, செல்லுல சார்ஜ் இல்லையா?” என்றாள் கிளாரிட்டா, தண்ணீர் வரிசையில்.

“இருக்கே அக்கா.”

“அப்போ விரல்லதான் இல்ல. நேத்துலேருந்து உன் மூஞ்சி பொம்மையாட்டம் கீழ உக்காந்திருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள்.

“மாரே ஆச்சே! பங்கு வந்திருக்கும்டி,” என்றாள் பின்னால் நின்றவள்.

“எனக்கென்ன பங்கு? அந்த மூட்டைய...” லோர்னா நிறுத்திக்கொண்டாள். தானும் தூக்கியதைச் சொன்னால் அடுத்த படம் அவளுடையது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே எழுதினாள்: ‘இனிமே அவ எனக்கு மாரே இல்ல.’

இதயங்கள் வந்தன. அதுவரை அவள் பெயரே தெரியாதவர்கள் சபாஷ் போட்டார்கள். குளித்து எழுந்ததுபோல் இருந்தது. கிளாரிட்டா அவளை வரிசையில் முன்னே விட்டாள்.

சாயங்காலம் தெல்மா வந்தாள். விற்காத ரொட்டி ஒரு பை நிறைய இருந்தது.

“நீயும் தூக்கினேன்னு ஒரே ஒரு வரி போடு மாரே. போதும்.”

“பாக்கலாம்,” என்றாள் லோர்னா. போடவில்லை. ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே அரிசி குறையாமல் பங்கிடப்பட்டது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை; அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெல்மா படகேறினாள். குழு வேறொருத்தியிடம் போய்விட்டது. லோர்னா அதன் பிறகு முதல் ஆளாகக் கோபமுகம் போட்டாள். போடும்போது கோபம் வந்ததில்லை.

மூன்றாம் வருடம், மகனின் பிறந்தநாளுக்கு நூடுல்ஸ் வதக்கிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது.

‘என் ஞானப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லு. கூடத்துக் கூரைய மாத்திட்டாங்களா, லோர்னா?’

மாரே என்று இல்லை. லோர்னா என்று இருந்தது.

அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். செய்தியின் கீழே அவளுடைய முகம், சின்ன வட்டமாக, வந்து உட்கார்ந்தது.