ஒரு தடவை கத்தும்மா

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தாள் மகள். முகம் கழுவ யாருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டும்? வாளி நிரம்பி, வழிந்து, தரையில் ஓடுகிற சத்தமும் கேட்டது. அதற்கும் அடியில் இன்னொரு சத்தம், துண்டுக்குள் வாயைப் புதைத்து அமுக்கினாற்போல.

முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அது நன்றாகவே கேட்டது. கம்பெனிக் கூடம் கொள்ளாத தையல் மெஷின்கள் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்போதே எங்கோ ஒரு மூலையில் ஊசி உடைவது அவள் காதில் விழும். பெற்ற பெண் அழுவது விழாதா?

உடம்பு நாற்காலியை விட்டு அரை அடி எழுந்துவிட்டது. கதவை இடித்து, 'என்னடி ஆச்சு, வெளிய வாடி!' என்று கத்த வேண்டும். வாய் கூடத் திறந்துவிட்டது. சட்டென்று வலது கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினாள். கண்ணை மூடினாள். பத்தாவது மாடி. ஒன்பதாவது மாடி. எட்டு. தோள் தளர்ந்தது. தாடை தளர்ந்தது. மனசு லிஃப்ட்டில் ஏறிக் கீழே இறங்கிக்கொண்டே போனது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகள் இந்த வீட்டுப் படியேறியிருக்கிறாள். கத்தினால் மறுபடியும் போய்விடுவாள். இந்த முறை போனால் அவ்வளவுதான்.

அந்தத் தாய் ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதிரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'சைரன்'. மெஷின்களின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே குரல் அப்படி ஆகிவிட்டதா, அப்படிப்பட்ட குரல் என்பதால்தான் அந்த வேலை கிடைத்ததா என்பது அவளுக்கே தெரியாது. ஊசி உடைந்தால் உடைந்த துண்டு எல்லாம் கிடைக்கிறவரை அவள் வரிசையில் ஒரு மெஷின் நகராது. மேனேஜரே வந்து நின்றாலும் நகராது. "அந்தத் துண்டு ஏதோ ஒரு பச்சைக் குழந்தை முதுகுல போய்க் குத்தும், அப்ப நீங்க போய்ப் பதில் சொல்லுவீங்களா சார்?" என்று அவள் கேட்டால், சார் வந்த வழியே திரும்பிப் போவார்.

அந்த வாய்தான் மகளைப் பிரித்தது.

கல்யாணமாகிச் சில மாதங்களில் மகளின் ஃபிளாட்டுக்குப் போயிருந்தாள். மருமகன் மடிப்புக் கலையாத சட்டைக்காரர், ஆபீஸ் உத்தியோகம். மகள் கொண்டுவந்த டீயை ஒரு வாய் குடித்தவர், எழுந்து போய்த் தொட்டியில் கொட்டினார். மாமியார் உட்கார்ந்திருக்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல், "மாட்டுக்குச் சொன்னாக்கூடப் புரியும்" என்றார்.

"யாருடா மாடு?"

மேல்மாடி, கீழ்மாடிக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. நடைக்கூடத்தில் நின்று அவள் கத்திய கத்தலில் மருமகனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "இன்னொரு தடவை எம்பொண்ணுகிட்ட உன் குரல் உசந்துச்சு, உன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு இதே மாதிரி கத்துவேன். உன் முதலாளி இறங்கி வந்து கேட்கட்டும்!"

மறுநாள் மகள் ஃபோன் செய்தாள். "லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கம்மா. அவர் என்கிட்ட பேசறதே இல்ல. என் வாழ்க்கை கெட்டா அது உன் வாயாலதான் கெடும். அந்த வாயை எங்கயாவது தொலைச்சிட்டு வா. அதுவரைக்கும் வராதே, ஃபோனும் பண்ணாதே."

தொலைத்துவிட்டு வா என்றாளே! வாய் என்ன, குடையா செருப்பா, எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வர?

தொலைக்கவும் ஒரு வழி வந்து சேர்ந்தது. தொழிலாளர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க என்று கம்பெனி ஓர் ஆலோசகரை அழைத்து வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூட்டம். கண்ணாடி போட்ட அந்த அம்மாள் மெல்லிய குரலில் சுய வசியம் என்றால் என்ன என்று விளக்கினாள். மந்திரமில்லை, மாயமில்லை, உடம்பைத் தளர்த்தி, மனதை ஆழத்துக்கு இறக்கி, நாம் எப்படி மாற வேண்டுமோ அதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதுதான் என்றாள். பாதிப் பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்கள். சைரன் மட்டும் இமை கொட்டாமல் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் ஆலோசகரை ஓரமாக இழுத்துப் போய், "வாயை அடக்க முடியுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"நான் டாக்டர் இல்லைம்மா. முடியும். உங்க குரலிலேயே ஃபோன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. மாடியிலிருந்து ஒவ்வொண்ணா கீழே இறங்குற மாதிரி நினைச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு, முடிச்சதும் திரும்ப மேல ஏறி வந்து, 'நான் முழுசா விழிச்சுட்டேன்'னு சொல்லித்தான் எழுந்திருக்கணும். அதை விட்டுடாதீங்க."

முதல் பதிவைக் கேட்டு அவள் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து விழாத குறை. பத்து மாடிக் கட்டடமொன்றில் லிஃப்ட் ஆபரேட்டர் அவர். 'கண்ணை மூடு! கையைத் தளர விடு! நிம்மதியா இரு!' என்று ஃபோன் அலறியதும் பயத்தில் அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்மா, நிம்மதியா இருன்னு சொல்றியா, இல்ல சம்பளத்தைப் பிடிச்சிடுவேன்னு சொல்றியா?"

"வாயை மூடிட்டுப் படுங்க. பத்தாவது மாடியிலிருந்து இறங்கணும் நான்."

"நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பத்தாவது மாடியிலிருந்து இறங்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒரு நிம்மதியும் வரலையே!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பதிவு செய்தாள். குரலைத் தணித்துத் தணித்து, கடைசியில் யாரோ ஒரு முன்பின் தெரியாத பெண் பேசுவதுபோல ஒரு பதிவு அமைந்தது. 'என் மகள் எது சொன்னாலும் நான் குளிர்ந்த தண்ணீர். அவள் முடிவு அவளுடையது. அவள் வீட்டு விஷயம் அவளுடையது. விரல்கள் சேரும்போது என் கோபம் கரைகிறது.' தினமும் கேட்டாள். கீழே போய்ச் சேர்ந்தால் எவ்வளவு சுகமாக இருந்தது! மகள் இல்லாத வீட்டின் கனம் அங்கே இல்லை. மேலே ஏறி வருகிற பகுதி தொடங்கியதும் பதிவை நிறுத்திவிடுவாள். மேலே என்ன வைத்திருக்கிறது?

"லிஃப்ட்டைக் கீழேயே நிறுத்திட்டா எப்படி?" என்றார் வீட்டுக்காரர் ஒரு நாள். "மேல நிக்கிறவங்க பட்டனை அழுத்திக்கிட்டே இருப்பாங்களேம்மா."

"மேல யாரு நிக்கிறா இங்க?" என்றாள்.

மாற்றம் வந்தது. உண்மையாகவே வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது, தூக்கம் பிடித்தது. கம்பெனியில், "சைரன் ரிப்பேர்" என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். மெக்கானிக் ஒருத்தன் கையைப் பிடித்தான் என்று கடைசி மெஷின்காரப் பெண் அழுதுகொண்டு வந்தாள். பழைய சைரனாக இருந்தால் அவன் சட்டைக் காலர் கையோடு வந்திருக்கும். இவள் விரல்களைச் சேர்த்துக்கொண்டு, "கண்டுக்காதேம்மா, மனசைக் குழப்பிக்காதே" என்றாள். அந்தப் பெண் வேறு வரிசைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். போகும்போது அவள் பார்த்த பார்வை இவளை எங்கேயும் தொடவில்லை. தொடவில்லையே என்று அன்று சந்தோஷம்கூடப் பட்டாள், பாவி!

பிறகுதான் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். 'அம்மா மாறிட்டேன். இப்ப எனக்குக் கோபமே வர்றதில்ல. ஒரு தடவை வந்து பாரு.'

இன்று வந்திருக்கிறாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. வாசலில் பார்த்த உடனே தையல்காரக் கண் மணிக்கட்டுக்குத்தான் போனது. வலது கைப் பட்டி கிழிந்து, வேறு நிற நூலில் அவசரமாகத் தைக்கப்பட்டிருந்தது. பட்டி தானாகக் கிழியாது, யாராவது பிடித்து இழுக்க வேண்டும். அது தெரிந்தும் அவள் கேட்கவில்லை. அவள் வீட்டு விஷயம் அவளுடையது. தண்ணீர் கொடுத்தாள். "நல்லா இருக்கியா?" என்றாள். மகள், "முகம் கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மகள் வெளியே வந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். சொல்ல வேண்டியதைக் கைதான் முதலில் சொன்னது. முன்கையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"அவர்தாம்மா" என்றாள்.

தாய் விரல்களை அழுத்தினாள். பத்து, ஒன்பது, எட்டு.

"எப்போலேர்ந்து?"

"நீ வர்றது நின்னப்புறம். முதல்ல கொஞ்ச நாள் பயந்துட்டே இருந்தார். வாசல்ல பெல் அடிச்சா, 'உங்கம்மாவா பாரு'ம்பார். நீ வரவே மாட்டேன்னு தெரிஞ்சதும்…" மகள் நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், சின்ன வயதில் தலை பின்னிக்கொள்ள உட்காருவதுபோல. "உலகத்துல அவர் பயந்தது உன் ஒருத்திக்குத்தாம்மா. நான்தான் உன்னை வராதேன்னு சொன்னேன். என்னைத் திட்டு. நல்லா திட்டு."

ஏழு. ஆறு. ஐந்து.

"மனசை அமைதியா வெச்சுக்கோம்மா" என்று ஒரு குரல் சொன்னது. யாருடைய குரல் என்று தாய்க்கே திகைப்பாக இருந்தது. அது அந்தப் பதிவின் குரல். "மூச்சை மெதுவா இழுத்து விடு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா…"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா பேசற? பேங்குக்கு ஃபோன் பண்ணா ஒரு பொம்பளை பேசுமே, அது மாதிரி பேசற?"

"நான் மாறிட்டேன்னு சொன்னேனே கண்ணு."

"அதை நம்பாமதாம்மா வந்தேன்!"

மகள் தாயின் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். "'எங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். காலையில அப்படிச் சொன்னதும் அவர் முகம் எப்படி ஆச்சு தெரியுமா? ஒரு தடவை கத்தும்மா. அவர்கிட்ட வேணாம், இங்கயே, இந்த வீட்டுக்குள்ளயே கத்து. என் பொண்ணை யாருடா தொட்டதுன்னு கத்து. அது போதும் எனக்கு."

தாய் வாயைத் திறந்தாள். கோபத்தைத் தேடினாள். நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும் அந்த இடத்தில் கை வைத்துத் தேடினாள். குளிர்ந்த தண்ணீர்தான் இருந்தது. அதற்கும் கீழே ஒரு பயம். கத்தினால் போய்விடுவாளே, மறுபடியும் அந்த இரண்டு வருஷம் வந்துவிடுமே என்கிற பயம். வசியம் பாதி, பயம் பாதி. எது அவள் வாயை மூடியது என்று கடவுள் வந்து கேட்டாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

விரல்கள் இறுகியே இருந்தன. பிரிக்க நினைத்தாள். பிரியவில்லை.

"அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டாள் மகள் கடைசியில்.

"டியூட்டி. வர லேட்டாகும்."

"நான் இங்கயே இருக்கட்டுமா? இல்ல… போகட்டுமா?"

இரு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஓர் எழுத்தோடு இன்னோர் எழுத்தைச் சேர்க்கிற நேரம். இரண்டு வருஷமாக ஏங்கிய தாய்க்கு அந்த இரண்டு எழுத்து வராதா? வரவில்லையே! தினம் தினம் கேட்டுக் கேட்டு நாக்கில் தயாராக நின்றது வேறு வாக்கியம்.

"உன் முடிவு உன்னுடையதும்மா. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

மகள் அழவில்லை. அழுகையைக் குளியலறையிலேயே முடித்துவிட்டாள் போலிருக்கிறது. சட்டைக் கையை இறக்கி, பட்டியைப் பொத்தானிட்டாள். வேறு நிற நூலை உள்பக்கமாக மடித்து மறைத்தாள். தாய் நன்றாகப் பார்த்தாள். ஊசித் துண்டு ஒன்று கிடைக்காவிட்டால் வரிசையையே நிறுத்திவிடுகிறவள், தன் பெண்ணின் உடம்பில் குத்தி நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உன் வாயைத் தொலைச்சிட்டு வான்னு நான்தானே சொன்னேன்" என்றாள் மகள் செருப்பை மாட்டிக்கொண்டே. "நல்லாத்தான் தொலைச்சிருக்கே."

தாய் எழுந்தாள். வாசல் வரை போனாள். உள்ளே எங்கேயோ, பத்தாவது மாடியில் நின்றுகொண்டு ஒருத்தி பட்டனை அழுத்தி அழுத்திக் கதறினாள். போகாதேடி, போகாதேடி, என் கண்ணே போகாதேடி! கீழே நின்றவள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

"பாத்துப் போம்மா."

படியில் கால் வைத்த மகள் ஒரு கணம் தயங்கினாள். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாளோ என்னவோ. ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து, பெரிய மனுஷிபோல அம்மாவின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு தன் கையாலேயே கதவை மெதுவாக, சத்தமே வராமல் இழுத்துச் சாத்தினாள்.